குண்டின் வயிற்றில் ஆறு முட்டை

லாரி பேரிங்கிலிருந்து கழன்ற எஃகுக் குண்டுக்குத் தலைகால் புரியவில்லை. ஓவியர் மாசிலாமணி அதைப் படம் வரைந்துகொண்டிருந்தார். தினமும் ஒரு முட்டையை உடைத்து, மஞ்சள் கருவில் வண்ணம் குழைத்து வரைகிற படம். குண்டின் விளிம்பு மட்டும்தான் பாக்கி.

எதிரே தட்டில் ஆறு முட்டைகள் இருந்தன. குண்டின் பளபளப்பில் தெரிந்ததால் ஆறும் படத்துக்குள்ளும் ஏறியிருந்தன.

"என் படத்தில் உங்களுக்கென்ன வேலை?" என்றது குண்டு.

"நீ காட்டினாய், அவர் வரைந்தார்" என்று முட்டைகள் சிரித்தன.

மறுநாள் மாசிலாமணி ஒன்றை உடைத்தார். குண்டில் இப்போது ஐந்துதான் தெரிந்தது. படத்திலும் ஒன்றை மறைக்க வேண்டியதாயிற்று. அன்றைய வண்ணம் முழுக்க அதற்கே சரியாகப் போயிற்று. அடுத்த நாளும் அதே கதை. ஒவ்வொரு முட்டையும் தன்னைத்தானே அழிப்பதற்காக உடைந்தது, அதுவும் சிரித்துக்கொண்டே.

ஆறாவதும் தீர்ந்தது. "இனி நான் மட்டும்தான். நாளைக்கு விளிம்பு, அதோடு முடிந்தது" என்று குண்டு பூரித்துப்போய் மேஜையிலிருந்து உருண்டுவிடப் பார்த்தது.

காலையில் மாசிலாமணி கடைக்குப் போய் வந்தார். முப்பது முட்டை அடுக்கிய அட்டையை அதே இடத்தில் வைத்தார். குண்டைக் கூர்ந்து பார்த்தார்.

"அடடா, இப்போதுதான் நிறைவாக இருக்கிறது" என்று தூரிகையை எடுத்தார்.