வாயைப் பொத்திய இழை

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் சுவரில், ஒரு செல்லுக்குள் ஆர்.என்.ஏ என்னும் கட்டளை இழைகள் குடியிருந்தன. ஆளுக்கொரு புரதம் செய்து, செய்ததைத் தூக்கிக் காட்டுவது அங்கே வழக்கம். ஒரு குட்டி இழை மட்டும் எதையும் காட்டியதில்லை. அதன் இரண்டு கைகளும் பக்கத்து இழையின் வாயைப் பொத்தியிருந்தன.

"நீ என்னதான் செஞ்சே?" என்று மற்றவை கேட்டன.

"ஒண்ணும் செய்யலண்ணே. இவனைப் பேச விடாம வச்சிருக்கேன்."

"இதெல்லாம் ஒரு வேலையா?" என்று அதை ரத்தத்துக்குள் தள்ளிவிட்டன.

வாய் விடுபட்டவன் மெல்லிய குரலில் கூப்பிட ஆரம்பித்தான். "உள்ளே வாங்க. எல்லாரும் உள்ளே வாங்க."

குட்டி இழை உடலைச் சுற்றிவந்து அந்த இடத்தைக் கடந்தபோதெல்லாம், வெள்ளணுக்கள் வரிசையாகச் சுவருக்குள் நுழைந்துகொண்டிருந்தன. ஒன்றுகூட வெளியே வரவில்லை. உள்ளே கொழுப்பைத் தின்று, வீங்கி, அங்கேயே செத்தன. சுவர் புடைத்தது. குழாய் ஒடுங்கியது.

ஒருநாள் சுவருக்குள்ளிருந்து பழைய கூட்டாளிகள் அலறின. "தம்பி, வந்து அவன் வாயைப் பொத்துடா!"

"செத்த வெள்ளணுவா அடைச்சுக் கிடக்கே, வழி எங்கேண்ணே?"

பதிலுக்கு அந்த மெல்லிய குரல்தான் வந்தது. "நீயும் வா."

குழாய் முழுதாக அடைத்துக்கொண்டது. குட்டி இழையைச் சுமந்துவந்த ரத்தம் இதயத்தை எட்டாமல் அங்கேயே நின்றுவிட்டது.