எட்டு வாரப் பத்தியம்

குப்பி மேசைமேல் நின்றது. விரல் நீளம், நீல மூடி, மூடிக்குள்ளேயே ஒரு குட்டிக் கரண்டி. மலம் எடுத்து அனுப்ப அன்றுதான் கடைசி நாள்.

மிரண்டா அதைப் பார்க்கப் பிடிக்காமல் அடுப்படிக்கும் ஹாலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

பல்கலைக்கழகத்து ஆய்வு அது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கும் தமிழ்ப் பெண்கள் எட்டு வாரம் பழைய சோறு, கேழ்வரகு, கீரை, மோர் என்று நம் பழைய சாப்பாட்டுக்குத் திரும்ப வேண்டும். குடலில் நல்ல பாக்டீரியா பெருகுகிறதா என்று பார்ப்பார்கள். முதல் கையெழுத்து மாதர் குழுத் தலைவி மிரண்டாவுடையது. "நம்ம முன்னோர் என்ன முட்டாளா?" என்று சர்ச்சில் மைக் பிடித்துப் பேசி, இன்னும் பன்னிரண்டு பேரை இழுத்துவிட்டவளும் அவளேதான்.

அந்தப் பன்னிரண்டு பேரும் தட்டுத்தடுமாறியாவது பத்தியம் இருந்தார்கள். தலைவிக்குத்தான் மூன்றாம் நாளே கேழ்வரகு கசந்துவிட்டது. தினமும் சாப்பிட்டதை எழுதக் கொடுத்த குறிப்பேட்டில் 'கூழ்' என்று எழுதிய கையோடு தேக்கா சந்தைக்குப் போய்ப் பரோட்டாவும் பால் கெட்டியான தே தாரிக் டீயுமாக எட்டு வாரத்தை ஓட்டிவிட்டாள்.

குறிப்பேடு பொய் சொல்லும். குப்பி சொல்லாதே!

அப்போது வசந்தகுமாரி தரையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு வருடமாக அந்த வீட்டோடு தங்கி வேலை செய்பவள். தினமும் அவள் பழைய சோறு சாப்பிடுவதை மிரண்டா பார்த்திருக்கிறாள்.

"வசந்தி, ஒரு உதவி. பாத்ரூம் போறப்ப இதுல கொஞ்சம் எடுத்துக் குடேன்."

வசந்தகுமாரி குப்பியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கு டெஸ்டாக்கா?"

மிரண்டா குப்பியை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"போன மாசம் வயிறு வலிக்குதுன்னு சொன்னேனே, அதை ஞாபகம் வெச்சிருக்கீங்களா!" வசந்தகுமாரிக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க வீட்டுல கூட யாரும் இப்படிப் பார்த்ததில்லக்கா."

மிரண்டாவுக்கு அந்த வயிற்றுவலி ஞாபகமே இல்லை.

"ஆமா லா," என்றாள். சொன்ன வாயை அப்போதே கழுவியிருக்க வேண்டும்.

குப்பி வந்தது. அதன்மேல் தன் பெயர்ச் சீட்டை ஒட்டி அனுப்பிவைத்தாள்.

ஒன்றரை மாதம் கழித்து ஆய்வுக் குழுவிலிருந்து நடாலி போன் செய்தாள்.

"ஆன்ட்டி, கங்கிராட்ஸ்! பிளட்ல சுகர் மட்டும் அப்படியே இருக்கு. ஆனா உங்க குடல்ல நல்ல பாக்டீரியா எத்தனை வகை தெரியுமா? எங்க குரூப்லயே நீங்கதான் பெஸ்ட்! சண்டே உங்க சர்ச் ஹால்ல டாக் இருக்குல்ல, நீங்களே வந்து பேசுங்க. தினமும் என்ன சாப்பிட்டீங்கன்னு ஒரு லிஸ்ட் மட்டும் கொண்டு வாங்க."

லிஸ்டுக்கு எங்கே போவது? அடுப்படிக்குத்தான்.

"வசந்தி, நீ தினமும் என்ன சாப்பிடறே?" பேனாவும் கையுமாக நின்றாள் மிரண்டா.

"காலையில நேத்து மிஞ்சின சோத்துல தண்ணி ஊத்தி, ஒரு வெங்காயம். மத்தியானம் நீங்க ஒதுக்கிப் போடற கீரைத்தண்டு, இல்லன்னா பீர்க்கங்காய்த் தோல்ல துவையல். ராத்திரி கஞ்சி." சொல்லிவிட்டுப் பயத்தோடு கேட்டாள்: "டெஸ்ட் ரிசல்ட் வந்துடுச்சாக்கா? இதையெல்லாம் நிறுத்தணுமா?"

"இல்ல, நல்லாத்தான் இருக்கு. வேற ஒண்ணும் சாப்பிட மாட்டியா?"

வசந்தகுமாரியின் கண் ஒரு நொடி ஃப்ரிட்ஜ் பக்கம் போய்த் திரும்பியது.

"இல்லக்கா," என்று சிரித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

மிரண்டா ஃப்ரிட்ஜைத் திறந்தாள். கோழி, தயிர், ஆப்பிள், ரொட்டி. ஒவ்வொரு டப்பாவிலும் அவளே எழுதி ஒட்டிய சீட்டு. கணவன் ஜெரார்ட் பெயர், மகன் ஜோனத்தன் பெயர், அவள் பெயர். யார் எதை எடுப்பது என்ற குழப்பம் வேண்டாமென்று, வசந்தகுமாரி வேலைக்கு வந்த அன்றே ஆரம்பித்த பழக்கம். மேல் தட்டிலிருந்து கீழ் தட்டு வரை தேடினாள். வசந்தகுமாரி பெயரில் ஒன்றுகூட இல்லை.

அவமானத்தில் ஃப்ரிட்ஜ் கதவை மூடக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

அதற்கப்புறமும், லிஸ்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போகத்தான் போனாள். மாதர் குழுத் தலைவி அல்லவா, மானம் போய்விடுமே!

சர்ச் ஹால் நிறைந்திருந்தது. பின்னால் வசந்தகுமாரி, எல்லாரும் ருசி பார்க்கட்டும் என்று தான் காய்ச்சிக் கொண்டுவந்த கூழைக் கோப்பைகளில் ஊற்றிக்கொண்டிருந்தாள். நடாலி மிரண்டாவின் பெயரைச் சொன்னதும் ஒரே கைதட்டல்.

பன்னிரண்டு பேரில் ஒருத்தியான அல்போன்சம்மாள் எழுந்தாள்.

"நான் கடையில ஐஸ் கச்சாங் இனிப்பைப் பார்த்து ரெண்டு தடவை தவறிட்டேன்மா. நீ மட்டும் எட்டு வாரமும் எப்படிக் கட்டுப்பாடா இருந்தே?"

மிரண்டா லிஸ்டைப் பார்த்தாள். பின்னால் பார்த்தாள். வசந்தகுமாரி கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு, தன் அக்காவுக்காக எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

மிரண்டா லிஸ்டை மடித்துவிட்டு மைக்கைப் பிடித்தாள்.

"எட்டு வாரம் இல்லக்கா, ரெண்டு வருஷம். பத்தியம் இருந்தது நான் இல்ல, அங்க கூழ் ஊத்தறாங்களே, வசந்தகுமாரி, அவங்க. அது கட்டுப்பாடும் இல்ல. நான் வேற எதுவும் குடுக்கல."