கசக்காதது பிரஷர்

மாத்திரைக் கவரைப் பிரிக்க கம்பவுண்டர் சவரிமுத்து விரலை நக்குவது எனக்குப் பழகிவிட்டது. இன்று அவர் மாத்திரையையே நக்கினார். டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து நாக்கில் வைத்து, கண்ணை மூடிச் சப்பி, உள்ளங்கையில் துப்பி, சட்டையில் துடைத்து அப்பாவின் கவரில் போட்டார்.

"என்ன சார் இது, கருமம்?"

"காலையில ரெண்டு டப்பா கொட்டி ஒண்ணாக் கலந்துடுச்சும்மா. பாக்க ரெண்டும் ஒரே மாதிரி வெள்ளை. கசந்தா சுகர், கசக்கலைன்னா பிரஷர். மாத்திக் குடுத்தா உங்கப்பாவுக்குத்தானே ஆபத்து?"

பத்து மாத்திரையையும் அப்படியே சப்பினார். ஒன்றுகூட சுகர் டப்பாவுக்குத் திரும்பவில்லை.

"வேற குடுங்க சார்."

"கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில வேற எங்க இருக்கு?"

நர்ஸ் கொண்டுவந்து வைத்த காப்பியில் ஒரு வாய் குடித்துவிட்டு அவர் முகம் சுளித்தார். "சளி பிடிச்சு மூணு நாளாச்சு. எதை வாயில வச்சாலும் மண்ணு மாதிரி இருக்கு" என்று கவுண்டர் ஜன்னலைச் சாத்தினார்.

வீட்டில் அப்பா தண்ணீர்ச் செம்போடு உட்கார்ந்திருந்தார். பிரஷர் மாத்திரை தீர்ந்து நான்கு நாள். தலையைப் பிடித்துக்கொண்டே கையை நீட்டினார். கவரைப் பிரித்தேன். மாத்திரைகள் எச்சிலில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஒன்றில் சட்டை நூல்.

நூலை எடுத்துப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு நாக்கை நீட்டினேன்.