கையெழுத்தில்லாத ரிப்போர்ட்

"ரெண்டு பாட்டில் ரத்தத்துல ஒண்ணுலதானே கிருமி வந்திருக்கு? இன்னொண்ணு சுத்தமாத்தானே இருக்கு? ரத்தம் எடுத்தவங்க கையிலேர்ந்து ஒட்டியிருக்கும், விடுங்க," என்றார் ஐசியூ டாக்டர் போனில்.

லேப் டெக்னீஷியன் பல்லைக் கடித்துக்கொண்டாள். மைக்ரோஸ்கோப்பில் அப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருந்தாள். ஊதா நிறத்தில் முட்டை முட்டையாக, ஒன்றின் தோளில் இன்னொன்று முளைத்துக்கொண்டு, ஈஸ்ட் என்கிற பூஞ்சை. ரொட்டி மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆனால் ரத்தத்தில் குடியேறிவிட்டால் ஆளை எழுந்திருக்கவே விடாது.

"ஈஸ்ட் ரத்தத்துல ஒரே பாட்டில்ல வந்தாலும் நிஜம்தான் டாக்டர். ஜுரம் இறங்குதா, அதைச் சொல்லுங்க."

இறங்கவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். ஏழாம் பெட்காரருக்குக் குடல் ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டு நாள். கழுத்து ரத்தக்குழாயில் டியூப், சாப்பாடும் அதன் வழியாகத்தான். ஆன்டிபயாடிக்கை மூன்று முறை மாற்றியாயிற்று. ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிய பீரங்கி.

ஆன்டிபயாடிக்குக்கெல்லாம் பூஞ்சை மசியாது, டியூபை எடுத்துவிட்டுப் பூஞ்சைக்கான மருந்தை ஆரம்பியுங்கள் என்றாள் அவள்.

"எழுத்துல குடுங்க, இப்பவே ஆரம்பிக்கிறேன். நீங்க வாயால சொன்னதை நம்பி எங்க பெரிய டாக்டர் ஒரு ஊசி போட விடமாட்டார்."

அந்த எழுத்துதான் அவளிடம் இல்லை. லேப் தலைவர் போட்ட விதி சுவரில் ஒட்டியிருந்தது. ஒரே பாட்டிலில் ஈஸ்ட் வந்தால் அழுக்கு என்று கொள்ள வேண்டும். அதை மீறிய ரிப்போர்ட் தலைவரின் கையெழுத்து இல்லாமல் வெளியே போகக்கூடாது. எப்போதோ ஒரு தப்பான ரிப்போர்ட் போய் மானம் கப்பலேறியதிலிருந்து இந்தக் கெடுபிடி. விதி தப்பு என்று அவள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். புத்தகத்தில் படித்ததையெல்லாம் தன்னிடம் ஒப்பிக்க வேண்டாம் என்றுவிட்டார்.

மறுபடி ரத்தம் எடுத்து அனுப்பலாம். அது வளர இன்னும் இரண்டு நாள் ஆகும். ஏழாம் பெட்டுக்கு இரண்டு நாள் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? ஐந்து ஆஸ்பத்திரிகளின் ரத்தம் இந்த லேபுக்கு வருகிறது; பாட்டிலில் பெயர்கூட இருக்காது, வெறும் கோடும் நம்பரும்தான். ஆனாலும் அந்த நம்பருக்கும் ஒரு வீடு இருக்கும்.

தலைவரோ லீவில். சொந்த வேலை என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போய் இரண்டு வாரம். நேற்றிலிருந்து ஆறு தடவை கூப்பிட்டுவிட்டாள். குளிக்கும்போதுகூடப் போனை எடுக்கிற மனுஷர், ஒரு தடவையும் எடுக்கவில்லை. எந்த மலையில் காற்று வாங்கிக்கொண்டிருக்கிறாரோ என்று நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது.

ஏழாவது தடவை. இந்த முறை மரியாதை பார்ப்பதாக இல்லை. கேட்க வேண்டியதையெல்லாம் மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு பட்டனை அழுத்தினாள்.

எடுத்தது தலைவரின் மனைவி. குரலில் தூக்கமே இல்லை.

லேபிலிருந்து பேசுவதாகச் சொன்னாள் டெக்னீஷியன். சாரிடம் ஒரே ஒரு நிமிடம் பேச வேண்டும், ஒரு உயிர் விஷயம் என்றாள் சற்றுக் கடுப்பாகவே.

"அவரால பேச முடியாதும்மா. யாருக்கும் தெரிய வேண்டாம்னுட்டுத்தான் குடல் ஆபரேஷனுக்கே வந்தார். பன்னெண்டு நாளாச்சு. இப்ப ஐசியூல ஏழாம் பெட்ல கண்ணே திறக்காம கிடக்கார்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ரத்த ரிப்போர்ட் வந்தாத்தான் மருந்தை மாத்துவாங்களாம். நீ லேப்லதானேம்மா இருக்கே... கொஞ்சம் சீக்கிரம் அனுப்பச் சொல்லேன்."