ஆறு தரம் நின்றது

"சேர், இதக் கொஞ்சம் பாருங்க. பன்னிரண்டு பேருக்கும் ஒரே நேரத்துல இதயம் நிக்குது."

மேலதிகாரி வாஹித் தேநீர்க் கோப்பையோடு எழுந்து வந்தார்.

பதுளை அலுவலகத்தில் திரையில் வரும் நாடிக் கோடுகளைக் கவனிப்பதுதான் ரிஸ்காவுக்கு வேலை. மலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெண்கள் பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கொரு வாட்சும் போனும் கொடுத்திருந்தார்கள். வாட்ச் நாடித்துடிப்பையும் நடையையும் தூக்கத்தையும் அனுப்பும். மழையளவு தானாக வந்து சேரும். மாலையில் பெண்கள் அன்றைய மனநிலைக்கு ஒரு முகத்தைத் தொட்டு, ஒரு வரி எழுத வேண்டும். மழைக்கும் மனதுக்கும் என்ன உறவென்று செயலி சொல்லும்.

திரையில் பன்னிரண்டு கோடுகள். ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் ஒரே கோடு. நேற்றுப் பிற்பகல் இரண்டு பதினெட்டுக்கு மழை பிடித்திருந்தது. இரண்டு இருபத்தைந்துக்குப் பன்னிரண்டும் நான்கு விநாடி படுத்துக் கிடந்தன. பிறகு எழுந்து ஓடின.

"என்ன, எல்லாரும் சேர்ந்து மூச்சுப் பிடிச்சு விளையாடுறாங்களா?"

"மூணு நாளா இப்படித்தான் சேர். எழுதினதையும் பாருங்க."

பன்னிரண்டு பேரும் தொட்டிருந்தது பயந்த முகத்தை. பன்னிரண்டு பேரும் எழுதியிருந்ததும் ஒரே வரி.

'இன்னைக்கு ஆறு தரம் நின்னுச்சு.'

வாஹித் கோப்பையைக் கீழே வைத்தார். கிழமை முழுக்க வாட்ச் கட்டினால் ஆளுக்கொரு பால்மா பாக்கெட் என்று அறிவித்தவர் அவர்தான்.

"பால்மாவுக்கு ஏதோ கூத்து நடக்குது. நேர்ல போய்ப் பாருங்க. ஏமாத்தா இருந்தா பன்னிரண்டு பேரையும் லிஸ்ட்ல இருந்து வெட்டிடுங்க. தோட்டத்துத் துரைக்கும் ஒரு கடிதம் போடுங்க."

கடிதம் போனால் அந்தப் பெண்களுக்கு வேலையில் கரைச்சல் வரும். ரிஸ்காவுக்கு அது தெரியும். ஆனாலும் ஏமாற்று ஏமாற்றுத்தானே.

வேன் ஏற ஏற மூடுபனி இறங்கியது.

"மத்தியானத்துக்குப் பிறகு இந்த மலைக்கு வரக்கூடாது மிஸ்" என்றான் டிரைவர் புஹாரி.

"ஏன், பேய் வருமா?"

"பேய்க்கு யார் பயம்? எனக்கு பிரேக்தான் பயம்."

சரிவில் பெண்கள் பறித்துக்கொண்டிருந்தார்கள். ரிஸ்கா தலைகளை எண்ணினாள். பன்னிரண்டு. மணிக்கட்டுகளைப் பார்த்தாள்.

எல்லாம் வெறும் மணிக்கட்டுகள்.

கையிலிருந்த போனைப் பார்த்தாள். பன்னிரண்டு கோடுகளும் ஓடிக்கொண்டிருந்தன.

முதல் தூறல் திரையில் விழுந்தது. அதைத் துடைத்தபோது கோடுகள் படுத்தன. பன்னிரண்டும்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

எதிரே பன்னிரண்டு பெண்களும் குனிந்தபடி பறித்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு விரல்கூட நிற்கவில்லை.

ஐந்து.

கோடுகள் எழுந்தன. ரிஸ்காவுக்குத் தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்க்கத் தோன்றியது.

"வாட்ச் எல்லாம் எங்கக்கா?"

யாரும் நிமிரவில்லை. பக்கத்தில் நின்ற நிரோஜா மட்டும் இலையோடு பேசுவதுபோல முணுமுணுத்தாள்.

"கங்காணி பாக்குறாரு மிஸ். இங்க கேக்காதீங்க. கொழுந்து எடை போட்டதும் லயத்துக்கு வாங்க."

நாலு மணிக்கு ரிஸ்காவும் மற்றப் பெண்களும் நிரோஜாவின் பின்னால் போனார்கள். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் கடைசிக் காம்பிரா, ஓர் ஒற்றை அறை. ஜன்னலுக்குச் சாக்கு கட்டியிருந்தது. உள்ளே முதலில் தெரிந்தவை பச்சைப் புள்ளிகள்தான். இருட்டில் இரண்டு வரிசையாக மிதந்து, மெல்ல ஏறி இறங்கின. ரிஸ்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

நிரோஜா லைட்டைப் போட்டாள்.

சுவரில் சாய்ந்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். இரண்டு கைகளிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வாட்சுகள். கைக்கு ஆறு. தலைமாட்டில் பன்னிரண்டு போன்கள் வரிசையாக.

"இது யாரு?"

"அன்னலட்சுமி மிஸ். பேர் பதியாம நாள் வேலைக்குப் போறவ. பேர் பதிஞ்சவங்களுக்குத்தானே நீங்க வாட்ச் குடுத்தீங்க."

ரிஸ்காவின் பயமெல்லாம் கோபமாகத் திரும்பியது.

"அப்போ வீட்டுல சும்மா இருக்கிற ஒருத்தருக்கு எல்லாத்தையும் கட்டிவிட்டு, பால்மா எடுக்கிறீங்க. அப்படித்தானே?"

"அவங்கள ஏசாதீங்க மிஸ்" என்றாள் அன்னலட்சுமி. பாதி வார்த்தையில் மூச்சு வாங்கியது. "எனக்குத்தான் நெஞ்சு நின்னு நின்னு போவுது. மழை கட்டினா ஜாஸ்தி. ஆஸ்பத்திரிக்கு நாலு தரம் போனேன். அங்க போனா இது நல்ல புள்ளையாட்டம் துடிக்குது. ஒண்ணுமில்ல, மனசுதான்னு அனுப்பிடுறாங்க."

ரிஸ்கா போனைத் திறந்து கோட்டைப் பின்னோக்கித் தள்ளினாள். மூன்று நாளில் பதினேழு தரம். நான்கு விநாடி. நான்கு. இன்றைக்கு ஐந்து.

வாசலுக்குப் போய்க் கத்தினாள். "புஹாரி, வேனைத் திருப்பி வைங்க! ஆஸ்பத்திரிக்குப் போகணும்!"

வெளியே நின்ற பெண்கள் உள்ளே வந்தார்கள். ஒருத்தி வாட்சுகளைக் கழற்றத் தொடங்கினாள்.

"கழட்டாதீங்க. டாக்டர் பாக்கட்டும்."

ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து அன்னலட்சுமியைத் தூக்கினார்கள். அவள் கை ரிஸ்காவின் தோளில் விழுந்தது. காதருகே ஆறு வாட்சுகள் மினுங்கின.

"இதுக்கு ஒரு வாட்ச் போதுமே நிரோஜாக்கா. எதுக்கு பன்னிரண்டையும் கட்டினீங்க?"

நிரோஜா அன்னலட்சுமியின் மறுகையைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"மொதல்ல என்னோடது ஒண்ணத்தான் மிஸ் கட்டிவிட்டோம், போன மாசம். நீங்க, வாட்ச் பழுதுன்னு சொல்லி, எனக்குப் புதுசு அனுப்பினீங்க."