கணக்கப்பிள்ளை சுட்ட தேன்குழல்

"தேன்குழல் என்ன பெரிய ராக்கெட்டா? உழுந்து மா, ஒரு சட்டி எண்ணெய், கொஞ்சம் கித்துள் பாணி. இதுக்குப் போய் அந்தப் பய கடையில நான் நிக்கணுமா?"

தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை கிருஷ்ணகுமார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அங்கே வந்தது தண்ணீர் குடிக்க மட்டும்தான். மனைவி கோகிலா முன்ஜாக்கிரதையாக எண்ணெய்ப் போத்தலை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

பலாங்கொடைக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா நடந்துகொண்டிருந்தது. கோயில் மைதானத்தில் வழக்கம்போலத் தேன்குழல் கடை. ஜிலேபி மாதிரி சுட்டு, கித்துள் மரத்து இனிப்புப் பாகான பாணியில் முக்கி எடுக்கிற பலகாரம். அந்த எண்ணெய் வாசனை மலையேறி வந்து கிருஷ்ணகுமாரின் மூக்கைப் பிடித்து இழுத்தது. வருஷா வருஷம் முதலில் கடை, அப்புறம்தான் கோயில் என்பது அவருடைய முறை. பாணி ஒட்டிய விரலால் அவர் கன்னத்தில் போட்டுக்கொள்வதை அம்மனும் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் அதற்கு வழியில்லை. கடைக்காரரின் மகன் பிரதீபனை அவருடைய மகள் சுதர்ஷினி விரும்பினாள். முறைப்படி பெண் கேட்டு வந்தவர்களை அவர் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். பையனை ஆட்டோவை விட்டு இறங்கவே விடவில்லை.

"ஊர் ஊரா எண்ணெய்ச் சட்டி தூக்கிட்டுத் திரியிறவனுக்குக் கணக்கப்பிள்ளை வீட்டுப் பொண்ணு கேக்குதோ?"

அன்றிலிருந்து சுதர்ஷினி அவரோடு சரியாகப் பேசுவதில்லை. என்ன கேட்டாலும் ஒரு "ம்". அது அவருக்குள்ளே முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. ஆனால் வெளியே காட்டினால் கௌரவம் என்ன ஆவது?

மாவை நேற்றே கோகிலா அரைத்துப் புளிக்க வைத்திருந்தாள். சுடுவது மட்டும்தான் அவர் வேலை. துணியில் மாவை அள்ளி, சாமி வந்தவர்போலக் கையைச் சுழற்றிப் பிழிந்தார். எண்ணெய் சீறியது. அவர் ஒரு குதி குதித்துச் சுவரோடு ஒட்டினார்.

கோகிலா சட்டியை எட்டிப் பார்த்தாள். "என்னங்க இது? ரத்தம் குடிச்ச அட்டை மாதிரி கிடக்குது?"

"வடிவத்தைப் பார்க்காத. ருசியைப் பாரு."

அவள் ஒன்றை எடுத்துக் கடித்தாள். "அட்டையே பரவாயில்ல."

அப்போது சுதர்ஷினி உள்ளே வந்தாள். "அப்பா, போன்ல ஒரு வீடியோ இருக்கு. பார்த்துச் செய்யுங்களேன்."

மகள் முழுசாகப் பேசிவிட்டாள்! அந்தச் சந்தோஷத்தில் கணக்கப்பிள்ளை எதற்கும் தயாராக இருந்தார். அவள் போனைச் சீனி டின்னில் சாய்த்து வைத்தாள். திரையில் முகம் இல்லை. இரண்டு கைகள், ஒரு சட்டி, அவ்வளவுதான்.

"துணியில ஓட்டை சின்னதா இருக்கணும்" என்றது ஒரு குரல். "கையை நிப்பாட்டாம சுத்துங்க. பயந்து பயந்து புழிஞ்சா அட்டை மாதிரிதான் வரும்."

"அடேயப்பா! நம்ம சட்டியை எட்டிப் பார்த்த மாதிரியே சொல்றானே!"

"முதல்ல எல்லாருக்கும் அப்பிடித்தானேப்பா வரும்" என்றாள் சுதர்ஷினி.

வீடியோவில் பின்னால் மேளச் சத்தம் கேட்டது.

"அவன் ஊர்லயும் திருவிழா போல."

"இந்த மாசம் எந்த ஊர்லதான் இல்ல?"

குரல் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே போனது. எண்ணெயில் ஒரு சொட்டு மாவை விட்டுப் பார்க்கச் சொன்னது. அவசரப்பட்டுத் திருப்ப வேண்டாம் என்றது. கணக்கப்பிள்ளை பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டினார். துணி கிழிந்தது, வேறு துணி வந்தது. சாரத்தில் மாவு, மீசையில் மாவு. கடைசியில் ஒன்று, வட்டத்துக்குள் வட்டமாக, சிவக்கச் சிவக்க மேலே வந்தது. பாணியில் முக்கி வாயில் வைத்தார். மொறுமொறுவென்று உடைந்து, பாணி முழங்கை வரைக்கும் வழிந்தது.

"நியமை!" என்று சிங்களத்தில் கத்தினார்; பிரமாதம் என்று அர்த்தம். பெரிய சந்தோஷம் வந்தால் அவருக்கு வாயில் சிங்களம்தான் வரும்.

கோகிலா ஒன்று தின்றாள். உடனே இன்னொன்று எடுத்தாள். அதைவிடப் பெரிய பாராட்டு அவளிடம் கிடையாது.

"பாத்தியா கோகிலா? என்ன பொறுமை, என்ன மரியாதை! ஒரு அதட்டல் கிடையாது. நான் மலையில ஒரு ஆளுக்கு வேலை சொல்லிக்குடுத்தா மூணு மலைக்குக் கேக்கும்."

"அவனும் எண்ணெய்ச் சட்டிக்காரன்தானேங்க?"

"அதுக்கென்ன? தொழில் தெரிஞ்சவன். நல்ல வளர்ப்பு. குரல்லயே தெரியுது. இப்பிடி ஒருத்தன் வந்து பொண்ணு கேட்டா, சாதகம்கூடப் பார்க்காமக் குடுப்பேன்."

சுதர்ஷினி நிமிர்ந்தாள். "சும்மாதானே சொல்றீங்க?"

"சும்மாவா?" அவர் மாவுத் துணியை வேப்பிலைக் கொத்து மாதிரி தூக்கிப் பிடித்தார். "அம்மன் மேல சத்தியம்! மாத்திப் பேசினா நான் கணக்கப்பிள்ளையே இல்ல."

கோகிலா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

திரையில் அந்த இரண்டு கைகளும் சட்டென்று நின்றன. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பயபக்தியோடு கும்பிட்டன.

"ரொம்ப நன்றி மாமா!" என்றது போன். "நாளைக்கே அப்பாவைக் கூட்டிட்டு வர்றேன். இப்ப அடுப்பைக் குறைங்க, சட்டியில இருக்கிறது கருகுது."