சுருக்க மறுத்த பெயர்

"முதல் தடவை முழுப் பேரு, பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள சுருக்கம். அதுக்கப்புறம் வெறும் சுருக்கம்தான். சேர்ந்த அன்னைக்கே சொன்ன விதி இது!" என்று கத்திய நெறியாளர், ஆய்வேட்டை மேஜையில் எறிந்தார்.

அதில் பக்கத்துக்குப் பக்கம், மேற்கோள்களின் கீழே, 'கூரை இடிந்து பிள்ளைகளை இழந்த பெற்றோர் சங்கம்' என்று முழுசாகவே இருந்தது.

"மத்த அமைப்புப் பேரையெல்லாம் சுருக்கிட்டேன் சார். இதை மட்டும் சுருக்க மாட்டேன்" என்றாள் ஆய்வு மாணவி.

"இதுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு? கூ.பி.பெ.ச.ன்னு போட்டா குடியா முழுகிடும்?"

"முழுகத்தான் சார் செஞ்சுது! அரசாங்கக் கடிதத்துல எல்லாம் கூ.பி.பெ.ச.ன்னே போட்டாங்க. புதுசா வந்த அதிகாரி, 'நீங்க ஏதோ கூட்டுறவு சங்கமா?'ன்னு கேட்டார். யார் செத்தாங்க, எப்படிச் செத்தாங்கன்னு அதுக்கப்புறம் ஒருத்தரும் கேட்கல."

"அதுக்கு அந்தச் சங்கத்துக்காரங்க கோபப்படட்டும். படிக்க வந்த உங்களுக்கு எதுக்கு இவ்வளவு ஆத்திரம்?"

"அந்த அதிகாரி கேட்டது என்கிட்டதான் சார். என் பொண்ணு அப்போ மூணாம் கிளாஸ். அந்தக் கூரைக்குக் கீழதான் உட்கார்ந்திருந்தா."

நெறியாளர், தான் எறிந்த ஆய்வேட்டைக் கையில் எடுத்தார். "இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லலியேம்மா... சரி, இந்த ஒரு பேரை மட்டும் அப்படியே விட்டுடலாம்" என்றார்.

"இதுக்குத்தான் சார் சொல்லல" என்றாள் அவள், கோபம் தணியாமலே. "பாவம் பார்த்து விடாதீங்க. விதியை மாத்துங்க."